இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

என் பேத்திக்கு மூன்று வயது ஆகும்வரை இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டும் தன்னுடையவை என்று அவளுக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நான். ஆடிப் பதினெட்டு அன்று கொடுமுடிப் படித்துறையில் நடந்ததையும், அதற்கு முன்னால் நான் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர்களைத் தொட்டு நான் செய்த வேலை போதும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்தவன். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. ஒரு சொல்லைக் கண்டால் அதன் வேர் எங்கே என்று தோண்டிப் பார்க்காமல் விடமாட்டேன். பாடம் சலிக்கிற பிற்பகல்களில் வகுப்பில் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்வேன். ஈரோடு என்றால் இரண்டு ஓடை என்று சொல்பவர்கள் உண்டு, ஈரமான மண்டையோடு என்று கதை சொல்பவர்களும் உண்டு, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்பேன். மாணவர்கள் அத்தனை பேரும் மண்டையோட்டுக்குத்தான் கை தூக்குவார்கள். ஆட்களின் பெயர்களையும் விடமாட்டேன். எங்கள் தெருவில் இருந்த ஒருவருக்கு இருட்டு என்று பொருள்படும் பெயர். வேலை மின்சார இலாகாவில். கரண்ட் போனால் அவர் பெயரைச் சொல்லித்தான் சிரிப்போம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார்.

பெயர் கேட்டு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். பிறந்த குழந்தைக்கு, புதிதாகக் கட்டிய வீட்டுக்கு, கிரைண்டர் செய்யும் கம்பெனிக்கு. நான் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டுச் சொல்வேன். பல நேரம் பெயர் முன்பே தோன்றியிருக்கும். ஆனாலும் கண்ணை மூடுவேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

விளையாட்டாக இருந்த இது, என் மனைவி இறந்த பிறகு பயமாக மாறியது. அவளுக்கு மாலையில் கூம்பிவிடும் ஒரு பூவின் பெயர். அவள் இறந்தது பொழுது சாயும் நேரத்தில். அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. காரியமெல்லாம் முடிந்து, வந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்களெல்லாம் கிளம்பிப்போய், கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பகலில் தோன்றியது. பொழுது சாயும் நேரத்தில் தினமும் எத்தனையோ பேர் இறக்கிறார்கள், அவர்களுக்கு என்னென்னவோ பெயர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன் தனக்குச் சொல்லிக்கொள்ளக்கூடிய சமாதானம்தான். அறிவு அதை ஒப்புக்கொண்டது. வயிறு ஒப்புக்கொள்ளவில்லை.

அதிலிருந்து பஸ்ஸில் ஏறுவதற்கே பயம் வந்தது. எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களுக்கெல்லாம் நெற்றியில் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர் மனதுக்குச் சரிப்படவில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். மாத்திரை அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரைக்கூடத் தமிழ்ச் சொல்லாகப் பிரித்துப் பார்த்துவிட்டு விழுங்காமல் வைத்திருக்கிறேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. தமிழ் வாத்தியாருக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்வார்களே என்ற வெட்கம்.

மனைவி போன பிறகு மகளும் மாப்பிள்ளையும் வடவள்ளியில் என் வீட்டுக்கே குடிவந்தார்கள். ஒரே மகள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை கணபதியில் சிறிய பட்டறை வைத்துத் தண்ணீர் மோட்டார் செய்கிறார். பேத்தி பிறந்ததும் அவர்கள் இரண்டு பேருமே பேசிவைத்து, தெற்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயரை வைத்தார்கள். என்னிடம் கேட்கவில்லை. அதில் எனக்குச் சிறு வருத்தம் இருந்ததையும் மறைக்கக் கூடாது.

"தண்ணி எடுக்கற தொழிலுங்க மாமா நம்முளுது. பொண்ணுக்கு ஆத்துப் பேரே இருக்கட்டுமுங்க. மோட்டாரு போட்டாலும் வத்தாது" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

நானும் சிரித்தேன். சில வாரங்கள் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் அத்தை ஒருத்தியின் நினைவு வந்தது. கடலைக் குறிக்கும் பெயர் அவளுக்கு. சிறு வயதிலேயே கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனவள். அடுத்து, என்னிடம் படித்த ஒரு பெண். வால்பாறைக்குச் சுற்றுலாப் போன இடத்தில் ஓடையில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் பெயருக்கு அருவி என்று பொருள். இரண்டு பேர் போதும் எனக்கு. தண்ணீரின் பெயரை வைத்துக்கொண்டு தொண்ணூறு வயதுவரை கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்த பாட்டிகள் எங்கள் சொந்தத்தில் எத்தனையோ பேர். அவர்களை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பயந்தவன் பயத்துக்கு உதவுகிற ஆட்களைத்தான் கூப்பிட்டு உட்காரவைக்கிறான்.

காய்ச்சல் விட்டது. பயம் விடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது கதவுக்கு வெளியே நிற்பேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்று, அவள் அழும் சத்தம் கேட்கும்வரை மூச்சு விடமாட்டேன். பெயரை மாற்று என்று மகளிடம் நேரடியாகச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர்களில் எல்லாம் ஒன்றும் இல்லை, அவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அவ்வளவுதான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தவனே நான்தான்.

அதனால் சாமியைக் கூப்பிட்டேன்.

காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எதையும் பூ கேட்டுத்தான் செய்வார்கள். கிணறு வெட்டலாமா, இந்த இடத்தில் பெண் எடுக்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எது என்று தெரியாதபடி அம்மன் காலடியில் போட்டு, மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். இதில் பெரிய படிப்பாளி, ஆலை முதலாளி என்ற வித்தியாசம் கிடையாது. சிவப்பு வந்தது என்பதற்காகப் பந்தக்கால் நட்ட கல்யாணத்தை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

"கொழந்தைக்கு அடிக்கடி மேலுக்குச் சேராம போகுது. பேரு ஒத்துக்குதான்னு அம்மன்கிட்ட ஒருவாட்டி பூ கேட்டுப் பாத்தரலாம் கண்ணு" என்று மகளிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எப்பிருந்துங்கப்பா இதுலயெல்லாம் நம்பிக்கை?" என்றாள்.

"வயசாச்சில்ல" என்றேன்.

கோயிலில் அன்றைக்கு வேறொரு வீட்டுக் காதுகுத்து. பூசாரிக்கு நிற்க நேரமில்லை. "நீங்களே மடிச்சுக் குடுங்க வாத்தியாரே, உங்குளுக்குத் தெரியாததுங்களா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோயிலுக்குப் பின்னால் வெள்ளரளியும் செவ்வரளியும் அடுத்தடுத்து நின்றன. நான் தனியாகப் போனேன். வெள்ளரளிப் பக்கம் கை போகவில்லை. செவ்வரளியில் ஒன்று பறித்தேன். பிறகு இன்னொன்றும் அதிலேயே பறித்தேன். இரண்டையும் வெற்றிலையில் மடித்து நூல் சுற்றினேன். அந்த நேரத்தில் என் மனதில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை என்பதுதான் இப்போது நினைத்தால் எனக்குத் திகிலாக இருக்கிறது. மருந்து மடிக்கிறவனைப்போல மடித்தேன்.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்தாள். குழந்தை தானே கையை நீட்டி ஒரு பொட்டலத்தைப் பிடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். "பாருங்க, அவ பேரை அவளே கேக்கறா" என்றார் மாப்பிள்ளை. பிரித்ததும் சிரிப்பு நின்றது. மகள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் அதை எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

புதுப் பெயர் நான் வைத்தது. தண்ணீரின் வாடையே இல்லாமல், அசையாத நிலம் என்று பொருள்படும்படி, பழைய இலக்கியத்திலிருந்து சொல்லெடுத்துச் சேர்த்தேன். நீளமான பெயர். பதிவு அலுவலகத்தில் அலைந்து திரிந்து மாற்றினோம். ஆனால் வீட்டில் யார் வாயிலும் அது நிற்கவில்லை. மாப்பிள்ளை ஒரு நாள் முயற்சி செய்துவிட்டு, "இந்தப் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள புள்ள வளந்து கல்யாணமே ஆயிருமுங்க மாமா" என்றார். பழைய பெயரைச் சொல்ல மகளுக்குப் பயம். அம்மன் வேண்டாம் என்று சொன்ன பெயர் அல்லவா. அதனால் ஆளுக்காள் அம்மணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்ணும் அம்மணிதான், கட்டிக்கொடுத்து அனுப்பின மகளும் அம்மணிதான், பால்காரர் தன் எருமையைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். குழந்தை அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டது. அதில் ஒரு கெடுதலும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் சொந்த ஊர் முத்தூருக்குப் பக்கம். ஆடிப் பதினெட்டு நோம்பிக்குக் கொடுமுடி ஆற்றுக்குப் போய்த் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது அவர்கள் குடும்பத்து வழக்கம். இந்த ஆண்டு மகளும் போக வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்பதற்கு வெயில், கூட்டம், குழந்தைக்குச் சளி என்று எல்லாக் காரணமும் சொன்னேன். உண்மைக் காரணத்தைத் தவிர. கொடுமுடி என்றால் மலைச் சிகரம். இதை நான் ஆண்டுக்கணக்காகக் கற்பித்திருக்கிறேன். ஆனால் கொடு என்பதற்குக் கொடுமை என்றும் பொருள் உண்டு. முடி என்பதிலிருந்து முடிவு என்ற சொல்லுக்கு எத்தனை தூரம்? பெயரை மாற்றிவிட்டோம், இனி தண்ணீருக்கு அவளைத் தெரியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு காரில் ஏறினேன். வழியில் வெள்ளக்கோவில் என்ற பலகை வந்தது. வெள்ளைக் கோயில் என்பதுதான் பொருளாக இருக்க வேண்டும். என் கண்ணுக்கு வெள்ளம் மட்டும் தெரிந்தது. பேத்தி என் மடியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அவள் வயிற்றைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டேன்.

"தாத்தா, நோவுதுங்க" என்றாள்.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில் கடைசிப் படிகளை மூடிக்கொண்டு ஓடியது. கயிறு கட்டி ஆட்களைத் தடுத்திருந்தார்கள். படிகள் முழுக்கப் பெண்கள். முளைப்பாரிச் சட்டி, காதோலை கருகமணி, மஞ்சள் கிழங்கு, விளக்கு ஏற்றிய வாழைமட்டை. மகளும் மாப்பிள்ளையும் கயிற்றருகே இறங்கிப்போனார்கள். "அம்மணிய உடாமப் புடிச்சுக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மேல்படியில், அரசமரத்தடியில், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிடியை என் உள்ளங்கையில் இப்போதும் உணர்கிறேன். முறுக்கின் எண்ணெய்ப் பிசுக்கோடு சின்னக் கை.

"ஐயா, என்னைத் தெரியுதுங்களா?"

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மனைவியோடு. என்னிடம் படித்தவராம். தேங்காய் வியாபாரம் செய்கிறாராம். முகம் எனக்கு நினைவில்லை. தெரிகிறது என்றேன். அவர் மனைவியிடம் திரும்பி, "இவிய பாடம் நடத்துனா பெல்லு அடிச்சாலும் ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்" என்றார். பிறகு என்னிடம், "கொடுமுடின்னா என்னமோ சொல்லுவீங்களேங்கய்யா, இவளுக்குச் சொல்லிக் காட்டலாம்னு பாத்தா மறந்துபோச்சுங்க. ஒருக்கா சொல்லுங்க" என்று கேட்டார்.

வரும் வழியெல்லாம் எந்தச் சொல்லை நினைத்து நடுங்கிக்கொண்டு வந்தேனோ, அதே சொல். ஆனால் இரண்டு பேர் முகத்தை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். கேட்பதற்கு ஆள் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது. கண்ணை மூடினேன். வாயுவுக்கும் ஆதிசேடனுக்கும் நடந்த சண்டையில் மேருமலை பிய்ந்து அதன் சிகரம் ஒன்று இங்கே வந்து விழுந்த கதையில் ஆரம்பித்தேன். கொடு என்பது வளைவு, கோடு என்பது மலை, கொம்பு, ஆற்றங்கரை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போனேன். சிகரத்தைக் காட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தேன்.

இரண்டு கைகளையும்.

கையை இறக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை.

முதலில் அவள் என் வேட்டிக்குப் பின்னால் நிற்கிறாள் என்று நினைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு அரசமரத்தைச் சுற்றினேன். "கொழந்தை, கொழந்தை" என்றேன். தேங்காய் வியாபாரி, "எந்தக் கொழந்தைங்கய்யா?" என்றார். அவர் அவளைக் கவனிக்கவே இல்லை. அவர் மனைவி மட்டும், "சந்தனக் கலருக் கவுனுங்களா?" என்று கேட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடினார். நான் ஆற்றைப் பார்த்தேன். வாழைமட்டை விளக்கு ஒன்று சுழலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது.

மகள் ஈரச் சேலையோடு மேலே வந்தாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் கழுத்தில் வழிந்திருந்தது. என் முகத்தையும் வெறுங்கையையும் பார்த்தாள். "அம்மணி" என்று கத்திக்கொண்டு நேராகத் தண்ணீரை நோக்கி இறங்கினாள். நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி, "என்னையா கூப்புட்டே?" என்றாள்.

மாப்பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு மைக் வைத்திருந்த பந்தலுக்குப் போனார். உள்ளே இருந்த இளைஞர், "பேரு சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளை ஆற்றின் பெயரைச் சொன்னார். பதற்றத்தில் முதலில் வைத்த பெயர்தான் அவருக்கு வந்தது. அதற்குள் பின்னால் ஓடிவந்த மகள், "அந்தப் பேரு வேண்டாம், அந்தப் பேரச் சொல்லாதீங்க" என்று தடுத்து, புதுப் பெயரைச் சொன்னாள். நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டாள். நான் திருத்தினேன். அந்த நிலையிலும் திருத்தினேன்.

"ஏனுங்க, ஒரு கொழந்தைக்கு எத்தனை பேருங்க?" என்றார் மைக்குக்காரர்.

"அம்மணின்னு கூப்புடுங்க, அதுதான் அவளுக்குத் தெரியும்" என்றேன்.

"அய்யா, இந்தக் கூட்டத்துல அம்மணின்னு கூப்புட்டா பாதி ஆத்தங்கரை எந்திருச்சு வருமுங்க" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. பிறகு புதுப் பெயரை, நான் உருவாக்கிய அந்த நீளப் பெயரை, மைக்கில் எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். சந்தன நிறக் கவுன், மூன்று வயது என்றும் சேர்த்தார். ஒலிபெருக்கிகள் அதை ஆற்றின் மேல் எறிந்தன. அசையாத நிலம், அசையாத நிலம் என்று ஓடுகிற தண்ணீரின் மேல்.

பரிசல்காரர்களிடம் சொல்லச் சிலர் ஓடினார்கள். நான் கயிற்றருகே போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆடை, பூ, மாலை, எல்லாமே சந்தன நிறமாகத் தெரிந்தன. தண்ணீர் அவளை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது என்று நினைத்தேன். அம்மன் முன்னால் நான் ஏமாற்றியதற்குக் கூலி என் பேத்தியிடமிருந்து வசூலாகிறது என்று நினைத்தேன். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று வெட்டவில்லை. ஒன்றுக்கு ஒன்று துணையாக நின்றன. கல்லூரியில் படித்ததும் படிப்பித்ததும் ஒன்றும் என்னோடு இல்லை. தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு மாப்பிள்ளை சொன்னார்.

அவளைக் கண்டுபிடித்தது மகள். கோயில் மதிலோரம் பொரியும் காதோலை கருகமணியும் விற்கிற ஓர் அம்மாளின் கடைக்குள், சாக்கின் மேல் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாளாம். நான் போனபோது மகள் அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைக்கார அம்மாள் அழாக்குறையாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மைக்குல அவ்வளவு நேரமாக் கத்தறாங்க, சந்தனக் கவுனுன்னு. எனக்கும் சந்தேகம் வந்து, 'அது நீயா கண்ணு'ன்னு இவகிட்டக் கேட்டேன். இல்லைன்னு தலையாட்டறா. பேரென்னன்னா அம்மணிங்கறா. உங்கப்பம் பேரென்னன்னா அப்பாங்கறா. வேற யாரூட்டுக் கொழந்தையோன்னு நானும் உக்காரவெச்சுட்டேன். புள்ளைக்கு அதும் பேரையாச்சும் சொல்லிக் குடுத்துக் கூட்டியாங்க அம்மணி, ஆத்துக்கு."

நான் பேத்தியின் தலையைத் தொடப்போனேன். மகளின் தோள் கொஞ்சம் திரும்பியது. வேண்டுமென்றே திருப்பினாளா, தெரியாது. கையை இழுத்துக்கொண்டேன்.

காரில் திரும்பினோம். முத்தூர் தாண்டியதும் மகள் சொன்னாள்: "எல்லாம் என்னாலதான். அம்மன் வேற பேரு வெய்யுன்னு சொல்லுச்சு. வெச்சுப்போட்டு, ஒரு நாளாச்சும் அந்தப் பேரைக் கூப்புட்டனா? அதுதான் இன்னைக்குக் காட்டிருச்சு. வர்ற நோம்பிக்கு நான் குண்டம் எறங்கறேன். மனசுல வேண்டிட்டேன்."

எங்கள் குலதெய்வக் கோயிலில் மாசி மாதம் குண்டம். நீளமான குழி நிறைய நெருப்பு. ஈரத்துணியோடு அதன் மேல் நடந்து போவார்கள். நடந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. தடுக்கி விழுந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். முன் சீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளக்கோவில் வந்தது, காங்கயம் வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் அம்மணி என்ற சொல்லே இல்லாமல் போனது. மகள் புதுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். சோறூட்டும்போது, தலை சீவும்போது, விளையாட்டிலிருந்து கூப்பிடும்போது. குழந்தைக்குப் புரியவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள் என்று தன் வேலையைப் பார்த்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளின் கண்ணில் இருந்த பயத்தை எனக்குத் தெரியும். கண்ணாடியில் அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பூஜை அறையில் எதற்கோ பதில் எதிர்பார்ப்பவள்போல் நின்றாள். பட்டறையில் ஒரு மோட்டார் எரிந்ததற்கு, "அம்மனுக்கு இன்னும் ஆறல" என்றாள். கணினி படித்த பெண். தர்க்கம் தெரிந்தவள்.

ஒரு காலையில் சமையலறையில் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பேத்தி கூடத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். பிறகு தோசைக்கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, குழந்தையின் முதுகில் ஓர் அடி வைத்தாள். ஓங்கி அடிக்கவில்லை. ஆனால் அதுவரை அவளை யாரும் அடித்ததில்லை. குழந்தை அழவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்து, "அம்மணி என்ன பண்ணுனேன்?" என்று கேட்டது.

"கண்ணு, அடிக்காதே" என்றேன். "அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வெச்சேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "என்னுங்கப்பா?"

"பூ கேட்டப்ப. நாந்தானே மடிச்சேன். ரெண்டும் செவ்வரளி. எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அம்மன் ஒண்ணும் சொல்லல. நாந்தான் பயந்துட்டேன்."

அத்தையையும், வால்பாறை ஓடையையும், அவள் அம்மாவின் பெயரையும், எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் தோசை கருகும் வாடை வந்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"அம்மா பேரையுமா?" என்றாள்.

"ஆமா."

"என்னுளுதையும் பாத்திருப்பீங்க."

பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

மாப்பிள்ளையிடம் நீங்களேதான் சொல்ல வேண்டும் என்று மாலையில் வந்து சொன்னாள். பட்டறையிலிருந்து வந்து, கையில் கிரீஸ் போக மண்ணெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். அவர் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "ஏனுங்க மாமா, பயமா இருக்குது, மாத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே மாத்தியிருப்பனுங்க. சாமிய எதுக்குங்க கூட்டுச் சேத்துனீங்க?" என்றார். "குண்டம் எறங்க வேண்டாம்னு மொதல்ல அவகிட்டச் சொல்லுங்க" என்றார் பிறகு. வேண்டுதலை எடுத்துவிட முடியுமா என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் ஏமாற்றினேன் என்பதால் நெருப்பு அவளுக்குக் கடன் இல்லை என்று நான் சொன்னால், அதை எந்த நம்பிக்கையில் அவள் ஏற்றுக்கொள்வாள்?

பேத்திக்கு முதலில் வைத்த பெயரையே வைத்துக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். மகள் என்னிடம் வந்து, "மாத்துனது நீங்க. நீங்களே கூப்புட்டுப் பழக்குங்க. அவ திரும்பிப் பாக்கற வரைக்கும் கூப்புடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிற குரலில் சொன்னாள்.

கூப்பிடுகிறேன். இப்போது எனக்கு இருக்கும் வேலை அது ஒன்றுதான். அவள் முற்றத்தில் விளையாடும்போது நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆற்றின் பெயரைச் சொல்கிறேன். முதல் நாள் ஒரே ஒரு முறைதான் சொன்னேன். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஜன்னலிலிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி வெளியே போய் உட்கார்ந்தேன். பயம் போய்விடும் என்று நினைத்துத்தான் உண்மையைச் சொன்னேன் போலிருக்கிறது. போகவில்லை. ஒவ்வொரு முறை அந்தப் பெயரைச் சொல்லும்போதும் எங்கோ ஒரு படித்துறையில் யாரோ காதைத் தீட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது. சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்க்கிறேன்.

"அது யாருங்க தாத்தா?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"நீதான்."

"நான் அம்மணி."

"அம்மணியும் நீதான். இதும் நீதான்."

அவள் அதை யோசிப்பதாகத் தெரியவில்லை. எறும்பின் பின்னால் போய்விட்டாள்.

நேற்று மாலை அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். கையிலிருந்த கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, "என்னுங்க?" என்றாள். எதற்குக் கூப்பிட்டேன் என்று எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "சும்மாதான் கண்ணு" என்றேன். அவளுக்கு அது விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். மறுபடி திரும்பி உட்கார்ந்துகொண்டு, "இன்னொருக்கா கூப்புடுங்க" என்றாள்.

கூப்பிட்டேன்.